செல்வராணி கிழிக்காத ஆயில் சீல்

ஸ்டீபா,

நலம், நலமறிய அவா என்று ஆரம்பிக்க மாட்டேன். நீ நலமாகத்தான் இருக்கிறாய். இன்று காலையில்கூட கேட் பக்கம் டீ கிளாஸோடு நின்று சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஒரே கம்பெனியில் வேலை, ஞாயிறு தவறாமல் ஒரே மேசையில் சாப்பாடு. அப்படியிருக்க இந்த மனுஷன் எதற்குத் தாள் தாளாக எழுதி, குழம்புத் தூக்கோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறான் என்று நினைப்பாய். நேரில் சொல்ல நான்கு முறை வாயைத் திறந்தேன். நான்கு முறையும் "பந்தல்காரனுக்குச் சொல்லிட்டியா?" என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டேன். மறைமலை நகர் அறைக்குப் போய், சட்டையை மாற்றிவிட்டு, உட்கார்ந்து முழுவதும் படி. பாதியில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்யாதே, எடுக்க மாட்டேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயுத பூஜைக்கு மறுநாள் டெஸ்ட் ரூமில் எண்ணெய் ஒழுகியதே ஒரு இன்ஜின், அதற்கு நீ எழுதிய ரிப்போர்ட் தப்பு. வேண்டுமென்று நீ தப்பாக எழுதவில்லை, நான் எழுத வைத்தேன். அந்த ரிப்போர்ட்டால்தான் செல்வராணி அசெம்பிளி மேசையை விட்டு, மூன்றரை மாதமாக வாஷிங்கில் நின்று மண்ணெண்ணெயில் பழைய உதிரிகளைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். வருகிற திங்கட்கிழமை பத்து மணிக்கு அவளை மறுபடியும் அசெம்பிளிக்கு எடுப்பதா, கான்ட்ராக்டை முடித்து அவள் ஊரான சங்கரன்கோவிலுக்கே அனுப்பிவிடுவதா என்று உட்கார்ந்து பேசப் போகிறார்கள். அதற்கு முன்னால் நீ இதைத் தெரிந்துகொண்டாக வேண்டும்.

மூன்றரை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தவனுக்கு இப்போது என்ன ஞானோதயம் என்று கேட்பாய். போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் உன் கல்யாண ஓலையை மூன்றாவது தடவையாக வாசித்தார்கள். உன் பெயரைச் சொல்லி, அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி, இவர்களுக்குள் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று சாமியார் வாசித்தார். உன் அம்மா என் முழங்கையை இடித்துப் பெருமையாகச் சிரித்தாள். எனக்கோ உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அது கல்யாணத் தடையைப் பற்றியது, எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் உன் பெயர் சம்பந்தப்பட்ட ஒன்றை அறிந்தும் சொல்லாமல் அந்தக் கோவிலில் உட்கார்ந்திருந்தவன் நான் ஒருத்தன்தான். நற்கருணை வாங்க நான் எழுந்து போகவில்லை. நீ கவனித்தாய். "கால் வலி" என்று சொன்னேன். அதுவும் பொய்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஆயுத பூஜைக்கு, விமான இன்ஜின் பழுது பார்க்கிற நம் கடையில் எல்லாவற்றுக்கும் மாலை போடுவார்கள், உனக்குத் தெரியும். கம்ப்ரஸருக்கு ஒரு மாலை, டிரில்லிங் மெஷினுக்கு ஒரு மாலை, டெஸ்ட் ரூமில் நிற்கிற இன்ஜினின் ப்ரொப்பெல்லருக்கு மட்டும் பெரிய சாமந்தி மாலை. மறுநாள் அதை எடுக்க வேண்டுமே, அங்கேதான் நான் வருவேன். "சாமிக்குப் போட்ட மாலைண்ணே, நாங்க கத்திரி வெக்க மாட்டோம். நீங்க வெச்சா ஒண்ணியும் ஆவாது" என்று முதல் வருடமே கத்திரியை என் கையில் கொடுத்துவிட்டார்கள். "இன்னாபா, என் சாமி மட்டும் கண்ண மூடிக்கினு கீதா?" என்று நானும் கிண்டல் செய்வேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான். பத்தொன்பது வருடம் அந்த வேலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. மாலையை இரண்டு இடத்தில் வெட்டி, நூலைத் துண்டு துண்டாகப் பொறுக்கி எடுத்து, ப்ரொப்பெல்லரைக் கையால் இரண்டு சுற்று சுற்றிவிட்டு, டார்ச் அடித்து அதன் பின்பக்கம் பார்த்த பிறகுதான் "ஓட்டு" என்று சொல்வேன். இது யாரும் எழுதிவைத்த விதி இல்லை, நானே வைத்துக்கொண்டது.

இந்த வருடம் நான் அதைச் செய்யவில்லை. அன்று மழை. கம்பெனி பஸ் ஒரகடம் மேம்பாலத்தின் கீழே முக்கால் மணி நேரம் நின்றுவிட்டது. ஒன்பது மணிக்கு இன்ஜினை ஓட்டிக் காட்ட வேண்டும், இன்ஜினுக்குச் சொந்தமான பறக்கும் பள்ளிக்கூடத்து ஆள், பைலட்டுக்குப் பயிற்சி கொடுக்கிற இடம் அது, வந்து காத்திருக்கிறான், மேனேஜர் வாசலுக்கும் டெஸ்ட் ரூமுக்கும் நடந்துகொண்டிருக்கிறார். கத்திரி எங்கே என்று தேடக்கூடப் பொறுமையில்லை எனக்கு. மாலையைக் கையால் பிடித்து ஒரு இழு இழுத்தேன். அறுந்து வந்தது. பூ எல்லாம் வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். சுற்றிப் பார்க்கவில்லை, டார்ச் அடிக்கவில்லை. இப்போதெல்லாம் பூக்காரர்கள் நாரில் எங்கே கட்டுகிறார்கள், எல்லாம் நைலான் நூல். ஒரு முழத்துக்குக் குறையாத நூல் பின்பக்கம் ஷாஃப்ட்டில் தொங்கிக்கொண்டே நின்றிருக்கிறது. ஓட்ட ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் டெஸ்ட் ரூம் கண்ணாடியில் புள்ளி புள்ளியாக எண்ணெய். இன்ஜினை நிறுத்தினோம். இன்ஜினின் மூக்கிலிருந்து அடிவயிறு வரை எண்ணெயில் நனைந்திருந்தது.

செல்வராணி அன்று ஊரில். பூஜை லீவோடு இரண்டு நாள் சேர்த்துப் போட்டுவிட்டுப் போயிருந்தாள். ஷாஃப்ட்டைச் சுற்றி எண்ணெய் ஒழுகாமல் அடைக்கிற ரப்பர் வளையம், அந்த ஆயில் சீலைப் போட்டது அவள் என்பதால் அவள்தான் பிரித்திருக்க வேண்டும், அவள் இல்லாததால் நான் பிரித்தேன். பறக்கும் பள்ளிக்கூடத்து ஆளைக் கூட்டிக்கொண்டு எல்லாரும் டீக்குப் போய்விட்டார்கள். ப்ரொப்பெல்லரைக் கழற்றி, பின்னால் இருக்கிற பல்சக்கரத்தையும் எடுத்தவுடன் பார்த்தேன். தையல் மெஷின் பாபினில் சுற்றியது மாதிரி ஷாஃப்ட்டைச் சுற்றி வெள்ளை நூல், நடுவில் கருகிப்போன ஒரு சாமந்தி இதழ். நூலின் முனை சீலுக்குள் நுழைந்து, எண்ணெயைப் பிடித்து நிறுத்துகிற உள் உதட்டை நக அகலத்துக்குக் கிழித்திருந்தது. யாரையும் கூப்பிடவில்லை. இடுக்கியால் நூலைப் பிரித்து எடுத்து, உருட்டி, பேன்ட் பையில் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைப் பண்ணியவனின் கை நடுங்கக்கூட இல்லை, ஸ்டீபா. அதுதான் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் செய்த வேலையில் குறையே கிடையாது. பழைய சீலை நெம்பி எடுத்தேன், ஷாஃப்ட்டில் ஒரு கீறல் விழாமல். உட்காரும் பள்ளத்தில் பழைய பசையைச் சுரண்டி, துடைத்து, விரல் விட்டுத் தடவிப் பார்த்தேன். புது சீலை வெந்நீரில் போட்டு இளக்கி, அதன் குட்டி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, எண்ணெய் தடவி, ஷாஃப்ட் முனையில் இருக்கிற பெரிய வட்ட விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து மாட்டினேன். ஸ்பிரிங்கை மறுபடி கோத்து, பசை தொட்டு, சுற்றிலும் ஒரே மட்டமாக உட்காரவைத்தேன். பசை காய வேண்டிய நேரம் முழுக்கப் பக்கத்திலேயே நின்றேன். மறுபடி ஓட்டினோம், ஒரு சொட்டு இல்லை. மேனேஜர் என் தோளில் தட்டிக்கொடுத்தார். நான் தலையாட்டினேன்.

நீ மத்தியானம் வந்தாய். இன்ஸ்பெக்டர் ஆகி ஐந்தாவது மாதம், நீ தனியாக எழுதப்போகிற முதல் ரிப்போர்ட். பழைய சீலைப் பூதக்கண்ணாடி வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பிறகு என்னிடம் கேட்டாய், "உள்ள எதுனா மாட்டிக்கினு இருந்துச்சாப்பா?" கடையில் நீ என்னை அப்பா என்று கூப்பிடுவதில்லை, அன்று வாய் தவறி வந்துவிட்டது. கேட்க வேண்டிய சரியான கேள்வி அது ஒன்றுதான், நீ அதைத்தான் கேட்டாய். நூல் என் பையில் இருந்தது. "ஒண்ணுமில்ல" என்றேன். வெளியிலிருந்து எதுவும் நுழையவில்லை என்றால், உதடு கிழிவதற்கு மிச்சம் இருக்கிற வழி ஒன்றுதான். மாட்டும்போது விளிம்பில் உரசிக் கிழிந்திருக்க வேண்டும். யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். "பொருத்தும்போது ஏற்பட்ட சேதம்" என்று நீ எழுதினாய். கீழே கையெழுத்து போட்டாய். பொருத்தியவர் பெயர் செல்வராணி.

ஏன் சொல்லவில்லை என்று என்னை நானே கேட்காத நாள் இல்லை. உனக்காக என்று முதலில் சொல்லிக்கொண்டேன். மகன் எழுதுகிற ரிப்போர்ட்டில் அப்பன் பெயர் வந்தால் அவனுக்கு அசிங்கம் என்று. அது சும்மா. பிறகு இன்னொன்றும் சொல்லிக்கொண்டேன். "சாமி மாலைய அல்லேலூயாகாரன் கையில குடுத்தா இப்படித்தான்" என்று எவனாவது ஒருத்தன் சொல்லிவிடுவான், இத்தனை வருடப் பழக்கத்தில் கசப்பு விழும் என்று. அப்படி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அந்தக் கடையில் என்னை அண்ணன் என்று கூப்பிடாத ஆள் இல்லை. உண்மையான காரணம் அற்பமானது. என் கை பட்ட இன்ஜின் பழுதென்று திரும்பி வந்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன் அல்லவா, அந்தப் பேச்சு போய்விடும். அவ்வளவுதான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் ஆனது அந்த ஒரு பேச்சுக்காக.

இன்னொன்றும் உன்னிடம் ஒத்துக்கொள்ள வேண்டும். நீ மூன்றாவது படிக்கும்போது கோவில் வாசலில் இருக்கிற மாதா கெபியின் கண்ணாடியைப் பந்தால் உடைத்தாய். மாதா சுரூபத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, கண்ணாடி மட்டும். நீ அழுதுகொண்டே வீட்டுக்கு வரவில்லை, நேரே சாமியாரிடம் போய் நான்தான் என்று சொல்லிவிட்டு வந்தாய். நான் உன்னிடம் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "யாராவது பாத்தாங்களாடா?" யாரும் பார்க்கவில்லை என்றாய். "பின்ன எதுக்குடா போய்ச் சொன்ன, முட்டாள்!" என்று ஒரு அறை விட்டேன். நீ மறந்திருக்கலாம். உன் அம்மா மறக்கவில்லை. அன்று நீ சரி, நான் தப்பு. இருபது வருடம் கழித்துச் சொல்கிறேன், மன்னித்துவிடு.

புதன்கிழமை உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரவே இல்லை. "மூணு மாசமா சோத்தப் பெசஞ்சிகினே உக்காந்துகீற. ஒடம்புக்கு இன்னாவோன்னு நான் வேண்டாத சாமி இல்ல. அந்தப் பொண்ணு நம்ம வூட்டுக்கு வந்து எத்தினி வாட்டி சாப்ட்டுருக்கு?" என்றாள். பிறகு, "போய் சொல்லிட்டு வா, அதுக்கப்புறம் எங்கிட்ட பேசு" என்று கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வியாழக்கிழமை மேனேஜரிடம் போனேன். கதவைச் சாத்திக்கொண்டு முழுவதும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் சிக்கல். "அண்ணே, ரிப்போர்ட் க்ளோஸ் ஆயிடுச்சு. அந்த இன்ஜினும் நல்லாத்தான் ஓடிக்கினு கீது. நீங்க ரிட்டையர் ஆக ரெண்டு வருஷம்தான் கீது. பையன் கல்யாணம் வேற. இப்பப் போயி கிளறினா அவன் மொத ரிப்போர்ட்டே தப்புன்னு ஆவும். எதுக்குண்ணே?" என்றார். "செல்வராணி?" என்றேன். "அதுக்கு வாஷிங்லயே எதுனா பாத்துக்கலாம்" என்றார். நான் விடவில்லை. கடைசியில் சொன்னார், மூடிய ரிப்போர்ட்டைத் திறக்க அவருக்கே அதிகாரம் இல்லையாம். கையெழுத்து போட்டவன் திறந்தால்தான் உண்டாம். அதாவது நீ.

நேற்று செல்வராணியைப் பார்க்க வாஷிங்குக்குப் போனேன். நம் கடையில் அசெம்பிளி மேசைக்கு வந்த முதல் பெண் அவள்தான், ஆறு வருடம் பாடுபட்டு வந்த இடம் அது. சிங்கப்பெருமாள் கோவிலில் நான்கு பெண்களோடு ஒரு ரூம், ஷேர் ஆட்டோவில் இடிபட்டு வந்தாலும் எனக்கு முன்னால் வந்து நிற்பாள். நேற்று கையுறையைக் கழற்றியபோது விரலெல்லாம் வெடித்திருந்தது. திங்கட்கிழமைக் கூட்டத்தைப் பற்றி நான் ஆரம்பிக்கும் முன்பே அவளே சொன்னாள். "நானே சூப்பர்வைசர்ட்ட சொல்லிட்டேன் அண்ணாச்சி. எனக்கு அசெம்பிளி வேண்டாம். என் கைக்கு அந்தப் பக்குவம் வரல. அன்னைக்கு அந்த சீல மாட்டும்போதே லேசா ஒரு சத்தம் கேட்டுச்சு. கிழியுற சத்தம். அப்பவே நிறுத்தியிருக்கணும். நாந்தான் அசட்டையா விட்டுட்டேன்" என்றாள்.

ஸ்டீபா, அவள் மாட்டும்போது அந்த சீல் கிழியவே இல்லை. எந்தச் சத்தமும் வந்திருக்க முடியாது. உன் ரிப்போர்ட்டை நம்பி, தன் கையை நம்பாமல், நடக்காத ஒரு சத்தத்தை அந்தப் பெண் தனக்குள் உண்டாக்கிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் சொன்னேன். நூல், மாலை, பேன்ட் பை, நீ கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், எல்லாம். "அப்போ அந்தச் சத்தம்?" என்று கேட்டாள். "சத்தமே கிடையாதும்மா" என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதாள். "எங்கம்மைட்ட போன் போட்டு, எனக்கு இந்த வேலைக்குக் கை சரியில்லம்மான்னு சொன்னேன் அண்ணாச்சி. மூணரை மாசமா நீங்க எனக்கு எதுக்க உக்காந்துதான சாப்பிட்டிய? ஒரு வார்த்த சொல்லியிருக்கப்படாதா?" என்றாள். மன்னிப்புக் கேட்டேன். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்விட்டாள். அவள் மன்னிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நானாக இருந்தால் மன்னிக்க மாட்டேன்.

கல்யாணத்துக்கு முன் அப்பன் மகனுக்குப் புத்தி சொல்வது வழக்கம். எனக்கு அந்தத் தகுதி இருக்கிறதா தெரியவில்லை, இருந்தாலும் பட்டவன் சொல்கிறேன். வீட்டிலும் சரி, வேலையிலும் சரி, தப்பு செய்யாத ஆள் கிடையாது. என் நூலை அன்றைக்கே மேசையில் வைத்திருந்தால் ஒரு மணி நேரத் திட்டோடு போயிருக்கும். இனி ஆயுத பூஜைக்கு ப்ரொப்பெல்லருக்கு மாலை கட்ட வேண்டாம் என்று முடிவு செய்திருப்பார்கள், எண்ணெய் ஒழுகியது டெஸ்ட் ரூமோடு போனது என்று கும்பிடு போட்டிருப்போம். இதுவே பைலட்டுக்குப் படிக்கிற ஒரு பிள்ளை மேலே போயிருக்கும்போது நடந்திருந்தால்? அதைச் சொல்லத்தானடா ரிப்போர்ட் எழுதுகிறோம். நான் மறைத்தது ஒரு முழம் நூல் என்று நினைத்தேன். ஒருத்தியின் கை போய்விட்டது. நீ உன் பெண்டாட்டியிடம் சின்னதாக ஒன்றை மறைக்கும்போதெல்லாம், அது யார் தலையில் போய் விடியும் என்று ஒரு நிமிடம் யோசி.

இதில் உனக்கும் அடி உண்டு, மறைக்க மாட்டேன். முதல் ரிப்போர்ட் தப்பு என்று உன் பெயரில் பதிவாகும். அப்பன் மகன் இரண்டு பேரையும் ஒரே கடையில் வைத்தது தப்பு என்று பேசுவார்கள். என்னை வீட்டுக்கு அனுப்பலாம். சம்பந்தி வீட்டில் காதும் காதும் வைத்தாற்போல் விசாரிப்பார்கள். உனக்கு என் மேல் கோபம் வரும், வரட்டும். கல்யாணம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிடாதே. திங்கட்கிழமை பத்து மணி தாண்டினால், செல்வராணி தானே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள்.

அதனால் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு உன் மேசைக்கு வருவேன். நான் வந்தால் எழுந்து நிற்பாய், அது உன் அம்மா வளர்த்த வளர்ப்பு. அன்றைக்கு எழுந்திருக்காதே. நீ எழுந்துவிட்டால் என்னால் சொல்ல முடியாமல் போய்விடும். உட்கார்ந்தபடியே அந்த ரிப்போர்ட்டை எடு, பேனாவைத் திற, வேறு எந்த ஆளிடமும் கேட்பதுபோல் என்னிடம் பெயரும் டோக்கன் நம்பரும் கேள். நான் நின்றுகொண்டு சொல்கிறேன். நீ எழுது.

அப்பா